பாமினி யார்?

இவ்வாரம் வேறொரு விடயத்தைப் பற்றி எழுதுவதாகவே எண்ணியிருந்தேன். அதற்கான குறிப்புகளையும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால், கடந்த பன்னிரண்டு நாட்களாக என்னை வேறெதிலும் மனஞ்செலுத்த விடாமல் அலைக்கழித்த சங்கதியொன்றை முதலில் சொல்லி முடித்துவிட வேண்டியிருக்கிறது. என் வயதையொத்த வாசகர்கள் பலர் இதே இக்கட்டில் அகப்பட்டிருக்கக்கூடும். அகப்படாதவர்கள் இனி அகப்படுவர்.

சங்கதி இதுதான். கனடாவில் வாழும் ஒரு பெண்பிள்ளை வட்ஸ்அப்பில் எனக்கொரு செய்தி அனுப்பியிருந்தாள். அவளுடைய தந்தை வவுனியாவிலிருந்து எமது பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிய பிராந்திய நிருபர். என்னைவிட எட்டு வயது இளையவர். 2013 இல் மாரடைப்பினால் காலமாகிவிட்டார். அவர் எழுதியவற்றையெல்லாம் திரட்டிச் சிறிய நூலொன்றாக்கும் எண்ணம் மகளுக்கு. "மாமா, அப்பா உங்களுக்கு ஈமெயிலில அனுப்பினதெல்லாம் இருக்குதோ?" என்று கேட்டிருந்தாள். "ஓம் பிள்ளை, எல்லாம் பத்திரமாக இருக்குது" என்று உடனேயே பதில் போட்டேன். மூன்றாம் நாள் காலை, தொடர்மாடிக் குடியிருப்பின் படிகளில் இறங்கும்போது கைத்தொலைபேசி என் கையிலிருந்து நழுவி, பதினொரு படிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தது.

காலி வீதியிலுள்ள கடையொன்றிற் கொடுத்தேன். கடைப் பையன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, வைத்தியர்கள் உறவினர்களை வெளியே அழைத்துச் சொல்லும் அதே குரலில், "அங்கிள், போர்ட் போயிட்டுது. இனிச் சரிவராது" என்றான். புதிய தொலைபேசி வாங்கினேன். பழைய சிம் அட்டையை அதிற் போட்டவுடன் அழைப்புகள் வந்தன. வட்ஸ்அப்பும் குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கங்களுடன் திருப்தியடைந்துவிட்டது. மின்னஞ்சல் மட்டும் அசையவில்லை. முகவரியைக் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல்லைக் கேட்டது. அப்போதுதான், 2006 இல் தொடங்கிய அந்தக் கணக்கின் கடவுச்சொல் என்னவென்று எனக்கு அறவே தெரியாது என்பதை உணர்ந்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்வதுகூடச் சரியன்று. மறந்த பொருளுக்கு மனதில் ஓர் இடமாவது இருக்கும். பெயரின் முதலெழுத்து நாக்கு நுனியில் நிற்கும். இங்கே அப்படி எதுவுமே இல்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக எவரும் அதை என்னிடம் கேட்டதில்லை. ஒரு தொலைபேசி பழுதடையுமுன்னர் அடுத்ததை வாங்கி, ஒன்றிலிருந்து மற்றதற்கு வயர் போட்டு யாராவது எல்லாவற்றையும் மாற்றித் தருவார்கள். கணக்கு எப்போதும் திறந்தே கிடந்தது. திறந்து கிடக்கும் வீட்டுக்குத் திறப்பு எங்கே என்று யார் தேடப் போகிறார்கள்?

கைத்தொலைபேசித் திரையில், கடவுச்சொல் மறந்தவர்களுக்கென்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டால், 'உங்கள் தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்புகிறோம்' என்றது. அந்தத் தொலைபேசி இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும் காட்டியது. பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. அது பத்திரிகை அலுவலகம் எனக்குத் தந்திருந்த இணைப்பு. 2015 இல் ஓய்வுபெற்ற நாளில், அடையாள அட்டையோடும் மேசை லாச்சியின் திறப்போடும் சேர்த்து அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

எனது பழைய இலக்கத்துக்கு நானே அழைப்பெடுத்தேன். மறுமுனையில் வயதான ஒரு பெண்மணியின் குரல். சிங்களத்திற் பேசினார். குருநாகல் பக்கமாம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நிலைமையை விளக்கினேன்: அம்மா, இந்த இலக்கம் முன்னர் என்னுடையது, இப்போது உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், அதிலுள்ள எண்களை மட்டும் வாசித்துச் சொன்னால் போதும். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, மிக மரியாதையாக மறுத்துவிட்டார். அப்படி எண்களைக் கேட்டு எவராவது அழைத்தால், அவர் எவ்வளவு நல்லவராகப் பேசினாலும் சொல்லக்கூடாது என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறானாம். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவர் செய்தது முற்றிலும் சரி. இதே எச்சரிக்கையை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், நானே ஒருமுறை கட்டுரையாக எழுதியிருக்கிறேன். 'நல்லவராகப் பேசுவார்கள்' என்று எழுதியபோது அந்த இடத்தில் ஒருநாள் நானே நிற்பேன் என்று நினைக்கவில்லை.

அடுத்து ஒரு கேள்வி வந்தது. பிறந்த ஊர் எது? இதற்காவது விடை தெரியும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அளவெட்டி. ஆனால், 2006 இல் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினேன்? இரண்டு டீ போட்டு வையில் முடிப்பதா, ஐயில் முடிப்பதா, அல்லது இரண்டு ரீ போடுவதா? எங்கள் ஊர்களின் பெயர்ப் பலகைகளை எழுதியவர்கள், தபாற்கந்தோர்க்காரர், நில அளவைத் திணைக்களத்தார், பாடசாலை அதிபர்கள் எல்லோரும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம். நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் நான் அளவெட்டியிற் பிறக்கவில்லை என்று அந்த இயந்திரம் சாதித்தது.

அன்று மாலை பேத்தி வந்தாள். பல்கலைக்கழகத்திற் படிக்கிறாள், இத்தகைய விடயங்களில் எனக்கு அவள்தான் ஆலோசகர். "அம்மப்பா, எங்கேயாவது எழுதி வைச்சிருப்பீங்கள். நீங்கள் எழுதாமல் விட்ட ஒண்டும் இல்லை" என்றாள். உண்மைதான். அலுமாரியின் மேற்தட்டில் 1978 முதலான சட்டைப்பை நாட்குறிப்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 2006 ஆம் ஆண்டுக்குரியதை அவளே எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், தொலைபேசி இலக்கங்களுக்கு நடுவே, அந்த மின்னஞ்சல் முகவரி என் கையெழுத்தில் இருந்தது. அதற்கு எதிரே ஒரேயொரு சொல்: பாமினி.

"ஆர் அம்மப்பா இந்தப் பாமினி?" என்று பேத்தி சற்று உரத்தே கேட்டுவிட்டாள். சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

பாமினி என்ற பெயரில் எனக்கு எவரையும் தெரியாது என்பதைச் சத்தியம் செய்து சொன்னேன். நாற்பது வருடம் பத்திரிகையில் வேலைசெய்து இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வீடு திரும்பிய ஒருவனின் சத்தியத்துக்கு என்ன பெறுமதியோ, அந்தப் பெறுமதி அதற்கும் கிடைத்தது. பேத்தியோ கருமமே கண்ணாக, அந்தப் பெயரை ஆங்கிலத்திற் சிறிய எழுத்துகளிலும் பெரிய எழுத்துகளிலும், பின்னால் எண்கள் சேர்த்தும் சேர்க்காமலும் கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்தாள். சிறிது நேரத்தில், அளவுக்கு மீறி முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று கணக்கு தன் கதவை முற்றாகச் சாத்திக்கொண்டது.

இந்தக் கடவுச்சொல் என்ற தொல்லை எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு தேடிப் படித்தேன். தூக்கம் வராதவனுக்கு வேறு என்ன வேலை? அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில், 1961 அளவில், ஒரே கணனியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தும் முறையை உருவாக்கியவர் பெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞர். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, தமக்கு ஒதுக்கப்பட்ட கணனி நேரம் போதவில்லையென்று, அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் அங்கிருந்த கடவுச்சொற்கள் அத்தனையையும் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். ஆக, பூட்டு வந்த மறுவருடமே களவும் வந்துவிட்டது. பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறியீடு வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்று நம்மைப் படுத்தும் விதிகளுக்குக் காரணமானவர் பில் பர் என்ற அமெரிக்க அதிகாரி. 2003 இல் அரசாங்கத்துக்காக அந்த வழிகாட்டலை எழுதினார். 2017 இல், தாம் எழுதியவற்றிற் பெரும்பாலானவற்றுக்காக வருந்துவதாகப் பத்திரிகையொன்றுக்குச் சொன்னார். அதே ஆண்டில் வெளியான புதிய வழிகாட்டல், அடிக்கடி மாற்றத் தேவையில்லை, நீளமாக இருந்தாற் போதும் என்கிறது. ஆனால் எங்கள் வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அந்தச் செய்தி இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. நம்மவர்கள் பலரும் அந்தத் தொல்லைக்குக் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைத்துக்கொள்வதுதான். போட்டோப் பிரதி எடுத்து ஊரெல்லாம் கொடுத்த இலக்கம் அது!

இன்னொரு செய்தியையும் அன்றிரவு படித்துத் தொலைத்தேன். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் நிறுவனம் 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியிருக்கிறது. மற்ற நிறுவனங்களுக்கும் அவரவர் கணக்கு உண்டு. என் மின்னஞ்சல் எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமன்று; உள்ளே போகமுடியாமல் நான் வெளியே நிற்க, நாட்காட்டி ஒன்று உள்ளே நகரத் தொடங்கிவிட்டது என்பதுதான் முக்கியம்.

உள்ளே என்ன இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2009 இல், யுத்தம் முடிந்து, ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள் வவுனியாவைச் சூழவிருந்த முகாம்களில் வைக்கப்பட்டிருந்த காலம். 2012 செப்டெம்பரில் மூடப்பட்ட செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் அப்போது ஒரு குடும்பத்தின் ஒரு பகுதி ஒரு வலயத்திலும் மற்றப் பகுதி இன்னொரு வலயத்திலும், மற்றொரு பகுதி எங்கென்றே தெரியாமலும் இருந்தது. பத்திரிகையாளர்கள் உள்ளே போவது இலகுவன்று. ஆனால் வவுனியா நகருக்கு வந்து போவோர், வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டோர், அவர்களைப் பார்க்க வந்தோர் என்று பலரும் எங்கள் நிருபரின் கையிற் துண்டுகளைத் திணித்துவிட்டுப் போவார்கள். பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம். சிகரெட் பெட்டி மட்டையிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் இரவிரவாக அவற்றைத் தட்டச்சுச் செய்து எனக்கு அனுப்புவார். "அண்ணை, எப்பிடியும் போடுங்கோ" என்று மேலே ஒரு வரி இருக்கும்.

எல்லாவற்றையும் போடவில்லை. இடமிருந்தால் போட்டோம். முழுப்பக்க விளம்பரம் வந்த நாட்களில் முதலில் வெட்டுப்பட்டது அந்தப் பட்டியல்தான். வெட்டியவன் நான். வேறொருவரும் அல்லர். அச்சில் வந்தவை சுவடிக்கூடத்தில் இருக்கும். வராதவை அந்த மின்னஞ்சற் பெட்டியில் மட்டுமே இருந்தன. அவற்றைத்தான் 'பத்திரமாக இருக்குது' என்று அந்தப் பிள்ளைக்கு எழுதியிருந்தேன்.

எட்டாம் நாள் மெல்பேர்னிலிருந்து மருமகன் கதைத்தான். என் முதலாவது கைத்தொலைபேசியில் மின்னஞ்சலை ஏற்படுத்தித் தந்தவன் அவனே. கேட்டேன். "மாமா, நீங்கள் சொல்லவே இல்லையே. எழுத்து என்னெண்டு கேட்டன், தெரியாது எண்டிட்டீங்கள். கணனிக்கு முன்னால இருந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டினீங்கள். திரையில தெரிஞ்சதைப் பாத்து நான் போனில அடிச்சன். ஒண்டும் விளங்காத இங்கிலிஷ் எழுத்துகள். இடையிடையே அரைப்புள்ளி வேறை. மாமாவுக்கு என்னவோ நடந்திட்டுது எண்டு நினைச்சன்" என்றான்.

தொலைபேசியை வைத்துவிட்டுச் சற்றுநேரம் அப்படியே இருந்தேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, பாமினி யாரென்று தெரிந்துவிட்டது என்றேன். "சொல்லுங்கோ" என்றபடி எதிரே வந்து உட்கார்ந்தார்.

இலங்கையில் அக்காலத்தில் கணனியிற் தமிழ் எழுதியவர்கள் இதற்குள் சிரித்திருப்பார்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். யூனிகோட் பரவலாகுமுன்னர் எங்கள் பத்திரிகைகளிலும் அலுவலகங்களிலும் ஆட்சி செய்த எழுத்துரு பாமினி. அதன் விசை ஒழுங்கு பெரும்பாலும் பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கே. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கித் தந்த பொறியின் வழிவந்தது. நடுவரிசையில் விரல்களை வைத்தால் ய, ள, ன, க, ப என்று ஓடும். கணனியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துத்தான். மேலே தமிழ் வேடம் போட்டிருக்கும். வேடத்தைக் கழற்றினால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. மு, பு, கு போன்ற எழுத்துகளுக்குப் பெரிய எழுத்து விசை. ஆகவே, ஒரு நல்ல தமிழ்ச் சொல்லைப் பாமினியில் அடித்தால், பெரிய எழுத்து, சிறிய எழுத்து, குறியீடு எல்லாம் தாமாகவே வந்து விழும். பில் பர் வைத்த பரீட்சையிற் சிறப்புச் சித்தி கிடைக்கும்.

ஆக, நாட்குறிப்பில் நான் எழுதியது கடவுச்சொல்லை அன்று, அதை அடிக்கும் முறையை. சொல்லை எழுதி வைக்கவில்லை, அது மறக்காது என்ற நம்பிக்கையில். ஆங்கில எழுத்துகளாக அதை நான் ஒருபோதும் அறிந்ததில்லை. என் விரல்கள்தான் அறிந்திருந்தன. நான் பத்திரிகைக்கு வந்த புதிதில், அச்சுக்கோப்பாளர்கள் எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே, பிரதியில் கண்வைத்தபடி ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவதை வியந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். 'ஞ' எங்கே இருக்கிறது என்று ஒரு முதியவரிடம் கேட்டதற்கு, அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லத் தெரியாமல், கையை நீட்டிக் காட்டினார். கைத்தொலைபேசியின் கண்ணாடியில் ஒற்றை விரலாற் குத்தும்போது பத்து விரல்களின் ஞாபகம் எங்கிருந்து வரும்?

மறுநாள் காலை பேத்தியின் மடிக்கணனியை வாங்கி, மேசையில் வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். முதலில் மனைவியின் பெயரை அடித்தேன். இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து தேநீர் போடப் போனார். ஊரின் பெயர். அதுவுமில்லை. இன்னும் இரண்டொரு பிழை விட்டால் மறுபடியும் கதவு சாத்தப்படும் என்று பேத்தி எச்சரித்தாள். "அம்மப்பா, யோசிக்காதேங்கோ. மற்றப்பக்கம் பாத்துக்கொண்டு அடியுங்கோ" என்றாள்.

யன்னலுக்கு வெளியே, கடற்கரைப் பக்கமாகப் பாணந்துறை ரயில் போய்க்கொண்டிருந்தது. விரல்கள் தாமாகவே போயின. பெரிய கே. ஜே. டபிள்யூ. அரைப்புள்ளி. ஜீ. எஃப். அரைப்புள்ளி. எஃப். கே. அரைப்புள்ளி. பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு. 'முதற்பக்கம்'. முப்பது வருடங்களாக ஒவ்வோர் இரவும், முதற்பக்கம் முடிந்ததா என்று அச்சுக்கூடத்திலிருந்து வந்த கேள்வி. பெட்டி திறந்துகொண்டது. (கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். ஆகவே, வாசகர் எவரும் முயலவேண்டாம்.)

நண்பரின் பெயரிட்டுத் தேடினேன். 417 மடல்கள். முதலாவதைத் திறந்தால் ஒரே ஆங்கிலக் குப்பை. பேத்தி பதறிப்போனாள். எனக்குப் பதற்றமில்லை, அவரும் பாமினிக்காரர். எழுத்துருவை மாற்றித் தரும் நிரலொன்றை அவள் இணையத்திற் தேடிக்கொண்டிருக்க, நான் மேசையில் விரல்களை அசைத்து ஒவ்வொரு விசையாக வாசிக்கத் தொடங்கினேன். "அண்ணை, எப்பிடியும் போடுங்கோ." அந்த வரி அந்தக் கோலத்திலும் எனக்கு வாசிக்க முடிந்தது.

மூன்று நாட்கள் இருந்து எல்லாவற்றையும் மாற்றி முடித்தோம். பட்டியல்கள் மட்டும் அறுபத்திரண்டு. அவற்றிற் பத்தொன்பது அச்சில் வரவில்லை என்பது என் நினைவு. சுவடிக்கூடத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே உறுதியாகச் சொல்வேன். கடைசி மடல் 2012 டிசம்பர் மாதத்தது. செய்தி எதுவுமில்லை. "அண்ணை, செப்டெம்பர் தொடக்கம் கொடுப்பனவு வரேல்லை. நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபா. கணக்குப் பகுதியிலை ஒருக்கா ஞாபகப்படுத்திவிடுங்கோ. பிள்ளைக்கு ரியூசன் காசு கட்டவேணும்." அதற்கு நான் பதில் எழுதியதாகப் பெட்டியில் இல்லை.

அந்த மடலை மட்டும் விட்டுவிடலாமா என்று ஓர் இரவு முழுதும் யோசித்தேன். பிறகு எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் மகளுக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பட்டியல்களைப் பற்றி நிறையக் கேட்டிருந்தாள். அச்சில் வராத பெயர்களைத் தனியே ஒரு பகுதியாகச் சேர்க்கப் போகிறாளாம். கடைசி மடலைப் பற்றி ஒரு வரிதான்: "மாமா, அந்த ரியூசன் எனக்குத்தான். கெமிஸ்ட்ரி. அப்பா காசைக் கட்டிட்டார், ஆரிட்டை வாங்கினார் எண்டு தெரியாது."

போன திங்கட்கிழமை பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கணக்குப் பகுதியில் எனக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. அங்கிருந்த பிள்ளையிடம் 2012 ஆம் ஆண்டின் பிராந்திய நிருபர் கொடுப்பனவுப் பதிவேட்டைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பழையவை களஞ்சியத்தில் இருக்கின்றன, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் ஐயா என்றாள். என் இலக்கத்தைக் குறித்துக்கொண்டாள். புதிய இலக்கத்தைத்தான் கொடுத்திருக்கிறேன்.